எக்ஸ்-விங் ஏன் ஓய்ந்தது, அந்தப் பெட்டியை வைத்து இனி என்ன செய்யலாம்

கேள்வி இதுதான். பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பிக்கு அவருடைய மாமா ஒரு பெட்டி நிறைய ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங் என்ற மேசை ஆட்டத்தின் விண்கப்பல் பொம்மைகளைக் கொடுத்திருக்கிறார். தேடிப் பார்த்தால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கேட்டவர்கள் எல்லாரும் "புதுக் கம்பெனி கைக்குப் போனதும் செத்துவிட்டது" என்று ஒரே வரியில் சொல்கிறார்கள். அது உண்மையா? இனி அந்தப் பெட்டியை வைத்து என்ன செய்வது?

தம்பி, அந்த ஒரு வரியில் பாதி உண்மை இருக்கிறது. கம்பெனி மாறிய பிறகுதான் ஆட்டம் படுத்தது. ஆனால் இரண்டு தடவை விதியை அடியோடு மாற்றியதில் ஆடுகிறவர்களின் கூட்டம் உடைந்ததுதான் அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அதில் முதல் உடைப்பு பழைய கம்பெனி செய்தது. கோலாலம்பூர் மாதிரி ஆட்டக்காரர்கள் குறைவான ஊரில் இருந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் என்ன என்று பார்ப்போம். மேசையில் 3 அடிக்கு 3 அடி இடம் போதும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு டயல் உண்டு. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்பதை இரண்டு பேரும் ரகசியமாக டயலில் திருப்பிக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு திறமை குறைந்த பைலட் முதலில் நகர வேண்டும், திறமை கூடிய பைலட் கடைசியில். சுடும்போது இது தலைகீழ்: கெட்டிக்காரர் முதலில் சுடுவார். தாக்க எட்டு முகச் சிவப்புப் பகடை, தப்பிக்கப் பச்சைப் பகடை. மிக அருகில் இருந்தால் தாக்குபவருக்கு ஒரு பகடை கூடும், தூரத்தில் இருந்தால் தப்பிப்பவருக்கு ஒன்று கூடும். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். எதிராளி எங்கே வருவார் என்று ஊகிப்பதில்தான் முழு சுவையும். முதல் உலகப் போர் விமானங்களை வைத்து இத்தாலியர் இருவர் உருவாக்கிய 'விங்ஸ் ஆஃப் வார்' ஆட்டத்தின் சாயல் இதில் உண்டு. அதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டதும் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ்தான். 2012-இல் எக்ஸ்-விங்கைக் கொண்டுவந்ததும் அவர்களே.

இன்னொரு விஷயம், இதுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது: கப்பல்கள் வர்ணம் பூசியே வந்தன. வார்ஹேமர் 40,000 என்ற போர்ப் பொம்மை ஆட்டத்தை ஆட வேண்டும் என்றால் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, மாதக்கணக்கில் வர்ணம் பூச வேண்டும். எக்ஸ்-விங்கில் பெட்டியைப் பிரித்த உடனே ஆட்டம். வேலை முடிந்து ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து வருகிற மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று சொல்லத் தேவையில்லை. கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவரிசை மேல்மாடியில் நாங்கள் கூடுவோம். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள். பாதிப் பேர் அதற்கு முன் மினியேச்சர் (ஆட்டப் பொம்மை) எதையும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்தால், "நீ இடது பக்கம் திரும்புவாய் என்று எப்படித் தெரிந்தது தெரியுமா" என்ற பேச்சு நள்ளிரவு வரை ஓடும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பொம்மை, ஆட்டக் கடைகளின் விற்பனையைக் கணிக்கும் ஐசிவி2 இதழின் பட்டியலில், 2015 வாக்கில் எக்ஸ்-விங் வார்ஹேமரையே பின்தள்ளி முதலிடத்துக்கு வந்தது.

நல்ல காலத்திலேயே நோய் தொடங்கிவிட்டது. முதல் பதிப்பில் ஒவ்வொரு பைலட்டுக்கும் கப்பலுக்குக் கூடுதல் பலம் தரும் ஒவ்வொரு அப்கிரேட் கார்டுக்கும் விலை, அதாவது பாயிண்ட், கார்டிலேயே அச்சாகியிருக்கும். மொத்தம் 100 பாயிண்ட்டுக்குள் ஒரு அணி. ஒரு கப்பல் அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால் விலையை ஏற்ற முடியாது, கார்டு உலகம் முழுக்க விற்றுப்போய்விட்டதே. பலவீனமாக இருந்தால் இன்னொரு பெட்டியில் ஒரு 'மருந்து' கார்டு போட்டு விற்க வேண்டும். ஏ-விங் என்ற கப்பலின் விலை அதிகம் என்று தெரிந்தபோது, 2014-இல் வேறொரு பெட்டியில் பாயிண்ட்டைக் குறைக்கும் கார்டு ஒன்று வந்தது. டார்த் வேடரின் டை அட்வான்ஸ்ட் கப்பலைச் சரிசெய்யும் கார்டு எங்கே வந்தது தெரியுமா? இம்பீரியல் ரெய்டர் என்ற பெரிய கப்பலின் பெட்டியில். அமெரிக்க விலை 99.95 டாலர். அதே பெட்டியில்தான் பேரரசர் பால்படீன் கார்டும். அந்தப் பெரிய கப்பலைச் சாதாரண போட்டியில் இறக்கவே முடியாது. கார்டுக்காக மட்டும் வாங்க வேண்டும், ஏனென்றால் போட்டியில் அசல் கார்டு கேட்பார்கள்.

இது அமெரிக்கர்களுக்கே எரிச்சல். நமக்கு எப்படி இருந்திருக்கும்? ஆட்டம் வந்த புதிதில் ஒரு டாலர் 3 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு என்று வைத்தால், 40 டாலர் தொடக்கப் பெட்டி 128 வெள்ளி. 2015-க்குப் பிறகு டாலர் 4 வெள்ளி 40 காசு வரை போனது, அதே பெட்டி 176 வெள்ளி. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு வந்து உட்கார்ந்தது. கடைக்காரரின் லாபம், சரக்குக் கூலி எல்லாம் இதற்கு மேல். பெட்டிக்குள் ஒரு மாற்றமும் இல்லை, விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் மேசையில் மாணவர்கள் வருவது நின்றது அப்போதுதான்.

2016-இல் ஜம்ப்மாஸ்டர் 5000 என்ற கப்பல் வந்தது. பேர் தெரியாத பைலட்டுகள் மூன்று பேரை டார்பிடோவோடு வரிசையாக நிறுத்தினால் போதும், எதிரி முதல் சந்திப்பிலேயே பாதி காலி. திரும்புவது, ஊகிப்பது என்று எதற்காக இந்த ஆட்டத்துக்கு வந்தோமோ அதற்கு வேலையே இல்லாமல் போனது. கடைசியில் அச்சடித்த கார்டின் வாசகத்தையே இணைப்புத் தாள் போட்டு மாற்ற வேண்டி வந்தது. கையில் இருக்கும் கார்டில் ஒன்று எழுதியிருக்கும், விதியில் வேறொன்று இருக்கும்.

இதற்கு விடையாக 2018 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தது. என் கணக்கில் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வடிவம் அதுதான். கார்டிலிருந்து பாயிண்ட்டை எடுத்துவிட்டார்கள். விலைப் பட்டியல் தனி ஆவணமாக வந்தது, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தினார்கள். மொத்தம் 200 பாயிண்ட் ஆனதால் ஒன்று இரண்டு என்று நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடிந்தது. பெரிய கார்டு வேட்டை ஓய்ந்தது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? பழைய கப்பல்களை அப்படியே பயன்படுத்தலாம் என்றார்கள், உண்மைதான். ஆனால் புதிய கார்டும் டயலும் அடித்தட்டும் அடங்கிய மாற்றுப் பெட்டி வேண்டும். கதையின் ஒரு தரப்புக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றும் 49.95 டாலர், நம் பணத்தில் 200 வெள்ளிக்கு மேல். மூன்று தரப்புகளையும் சேர்த்து வைத்திருந்தவர், ஒரு புதுக் கப்பல்கூட வாங்காமல், 600 வெள்ளிக்கு மேல் கொடுத்தால்தான் ஏற்கெனவே தன் அலமாரியில் இருப்பதை ஆட முடியும். கப்பல் அதிகம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாற்றுப் பெட்டி போதவும் இல்லை. நன்றாக ஆடிய, நிறைய வாங்கிய பழைய ஆட்டக்காரர்கள் பலர் அந்த வாரமே பெட்டியை மூடினார்கள். ஒருவர் எல்லாவற்றையும் அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் விற்றுவிட்டுப் போனார். இது நடந்தபோது கம்பெனி மாறவில்லை. பழைய, எல்லாரும் புகழ்கிற ஃபேன்டஸி ஃப்ளைட்தான்.

அதனால்தான் "புதுக் கம்பெனி கொன்றது" என்று கேட்டால் எனக்கு உறுத்துகிறது. 2020-இல் ஆட்டத்தைப் புதியவர்களிடம் கொடுத்தபோது அது ஏற்கெனவே கொஞ்சம் இளைத்துப்போயிருந்தது.

ஏன் கொடுத்தார்கள்? ஃபேன்டஸி ஃப்ளைட் 2014-இலேயே பிரான்சின் ஆஸ்மோடே குழுமத்துக்குக் கைமாறிவிட்டது. ஆஸ்மோடேயின் கீழ் பல ஸ்டூடியோக்கள். 2020 தொடக்கத்தில் ஃபேன்டஸி ஃப்ளைட்டில் ஆட்குறைப்பு நடந்தது, கணினி ஆட்டப் பிரிவை மூடினார்கள், பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளே ஆட்டப் பிரிவிலும் ஆட்கள் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் எக்ஸ்-விங், ஆர்மடா, லீஜியன் ஆகிய மூன்று ஸ்டார் வார்ஸ் மினியேச்சர் ஆட்டங்களையும் அட்டாமிக் மாஸ் கேம்ஸ் என்ற இன்னொரு ஆஸ்மோடே ஸ்டூடியோவுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆகவே உரிமையாளர் மாறவில்லை, ஒரே வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத்தான் மாறியது. ஆனால் புதிய அறையில் இருந்தவர்கள் வேறு ரகம். 2019-இல் மார்வெல் க்ரைசிஸ் புரோட்டகால் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசுகிற பொம்மைகள், குறிக்கோளைப் பிடித்து மதிப்பெண் எடுக்கிற ஆட்டம், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். வர்ணம் பூசியே வருகிற, டயல் திருப்புகிற ஒரு விமானச் சண்டை அவர்களுடைய கைவேலை இல்லை. நல்ல ரொட்டி சானாய் போடுகிறவரிடம் நடந்துகொண்டிருந்த வாழை இலைக் கடையை ஒப்படைத்த மாதிரி.

காலமும் கெட்டிருந்தது. 2020 மார்ச் 18-இல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, அதற்குப் பிறகு நீண்ட காலம் மேசையில் எதிரெதிரே உட்காருவதே குற்றம் மாதிரி இருந்தது. 2021 முழுக்க வந்தவை பெரும்பாலும் ஃபேன்டஸி ஃப்ளைட் முன்பே வடிவமைத்து வைத்த பெட்டிகள். புதியவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது தெரியாமல் ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். உலகம் முழுக்க கொள்கலன் கட்டணம் ஏறியிருந்த ஆண்டு அது, நம் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும் குறைவு.

பிறகு 2022 தொடக்கத்தில் புதிய விதிகள் வந்தன. அவர்கள் மூன்றாம் பதிப்பு என்று சொல்லவில்லை, ஆட்டக்காரர்கள் 2.5 என்றார்கள். இதை விரிவாகப் பார்க்க வேண்டும், சண்டை எல்லாம் இங்கேதான்.

200 பாயிண்ட் போய் 20 வந்தது. கப்பலுக்கு ஒரு விலை, அதோடு சேர்த்து அப்கிரேட் வாங்குவதற்கு என்று தனியாக ஓர் ஒதுக்கீடு. முன்பு ஒரு கப்பலின் விலையை 38-இலிருந்து 37 ஆக்கலாம். இப்போது 4-இலிருந்து 3 ஆக்கினால் ஒரே அடியில் கால்வாசி விலை இறங்குகிறது. ஒதுக்கீட்டைக் கூட்டிக் குறைத்து அதைச் சமாளித்தார்கள். ஆனால் ஒதுக்கீட்டில் மிச்சம் பிடித்தால் இன்னொரு கப்பலுக்குக் கொடுக்க முடியாது. அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாக் கப்பலிலும் கார்டு நிறைந்தது. இரண்டு கப்பலை மட்டும் நன்றாக அலங்கரித்து ஆடுவது பலருக்குப் பிடித்த பாணி. அதற்கும் இடம் இல்லை, குறைந்தது மூன்று கப்பல் வேண்டும், அதிகம் எட்டு.

இரண்டாவது, யார் முதலில் நகர்வது என்பது. இரண்டாம் பதிப்பில் சம திறமை உள்ள பைலட்டுகள் மோதினால், குறைந்த பாயிண்ட் செலவழித்தவர் வரிசையைத் தேர்ந்தெடுப்பார். கடைசியில் நகர்ந்தால் எதிரியின் இடத்தைப் பார்த்துவிட்டு நகரலாம், அது தங்கம். அதற்காகச் சிலர் பத்துப் பதினைந்து பாயிண்ட்டைத் தொடாமலே விட்டுவைத்தார்கள். 2.5-இல் ஒவ்வொரு சுற்றிலும் டயல் வைத்த பிறகு பகடை உருட்டி வரிசையை முடிவு செய்ய வேண்டும். நியாயமாகப் பார்த்தால் நல்ல திருத்தம்தான், வரிசைக்காக ஏலம் விடுவது அசிங்கமாகிக்கொண்டிருந்தது. ஆனால் சூன்டிர் ஃபெல் மாதிரி ஒரு பைலட்டை வைத்து, விளிம்பில் பறந்து, ஊகித்து ஊகித்து ஆடியவருக்கு, அந்த ஊகத்தின் பாதியைப் பகடை எடுத்துக்கொண்டது.

மூன்றாவது மோதல். நம் கப்பலே நம் கப்பலில் இடித்தால் சேதம் வரலாம். எதிரியை ஒட்டி நின்றால் முன்பு சுட முடியாது, இப்போது சுடலாம். வேண்டுமென்றே எதிரியின் வழியை மறித்து நிற்பது, நாங்கள் பிளாக் என்போம், பழைய ஆட்டத்தில் பெரிய கலை. மலிவான டை ஃபைட்டர் கப்பலை வைத்து வேடரையே முடக்கிவிடலாம். அந்தக் கலையின் முனை மழுங்கியது.

நாலாவது குறிக்கோள்கள். வெறுமனே சுட்டு வீழ்த்தினால் போதாது. செயற்கைக்கோளைப் பிடி, சரக்கைத் தூக்கு, யார் முதலில் 20 மதிப்பெண். இதற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் பதிப்பில் சிலர் மூலையில் கப்பலை நெருக்கி நிறுத்திவிட்டு எதிரி வரட்டும் என்று காத்திருப்பார்கள், பார்க்கவே சகிக்காது. குறிக்கோள் வைத்தால் எல்லாரும் நடுவுக்கு வந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதிக்கு மேல் எனக்கு ஒப்புதலே. புதிதாக வந்தவர்களில் 2.5-ஐ விரும்பி ஆடியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முட்டாள்கள் இல்லை. தவறு என்று நான் பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தது. பாயிண்ட், வரிசை, மோதல், வெற்றி எப்படி என்பது, நாலும் மாறினால் அது வேறு ஆட்டம். அதற்கு வேறு பெயர் வைத்து, பழையதைப் பட்டியலோடு அப்படியே விட்டிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அதே பெயர், அதே பெட்டி, அதே கப்பல், ஆனால் இரண்டாம் பதிப்பின் அதிகாரபூர்வ பாயிண்ட் பட்டியல் அதோடு நின்றது. அடுத்து அப்கிரேட்டுகள் கார்டிலேயே அச்சான பைலட்டுகள் வந்தார்கள், யாவின் போர்ப் பெட்டியில் தொடங்கியது இது. புதியவர்களுக்கு வசதி. ஆல்பம் ஆல்பமாகக் கார்டு சேர்த்தவனுக்கு, உன் ஆல்பம் இனி வேண்டாம் என்ற செய்தி.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருகிறேன். சிகாகோவில் இருநூறு பேர் ஆடுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விதி மாறியதில் பாதிப் பேர் பழையதோடு நின்றுவிட்டால், நூறு நூறாக இரண்டு கூட்டம். இரண்டும் பிழைக்கும். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் 2.5 ஆடுவார்கள், நாலு பேர் இரண்டாம் பதிப்பை விட மாட்டார்கள், இரண்டு பேர் "நீங்கள் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று வீட்டில் இருப்பார்கள். ஒற்றைப்படையாக ஆள் வந்தால் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். அப்படி இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்தவர் மூன்றாம் வாரம் வர மாட்டார். யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் யார்?" என்ற கேள்விக்குப் பதில் குறைந்துகொண்டே வந்தது. பினாங்கில் இன்னும் குறைவான ஆட்கள், அங்கே ஒரு கூட்டாளி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாலே ஆட்டம் நின்றுவிடும். கடைக்காரரும் என்ன செய்வார்? மேசைக்கு வாடகை வர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுக்குப் பொகேமான் மாதிரிக் கார்டு ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பொகேமான் கார்டு பொட்டலம் ஒன்றின் லாபமும் வேகமும் ஒரு கப்பல் பெட்டிக்கு வராது.

2024 ஜூனில் எக்ஸ்-விங், ஆர்மடா இரண்டின் உருவாக்கத்தையும் நிறுத்துவதாக அட்டாமிக் மாஸ் அறிவித்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாற்றி வந்தவை மூன்று ஆட்டங்கள், நிறுத்தியவை இரண்டு. லீஜியன் நிற்கவில்லை, புதிய விதிகளோடும் பெட்டிகளோடும் இன்னும் வருகிறது. அதே கம்பெனி, அதே ஸ்டார் வார்ஸ், அதே கைமாற்றம். கைமாற்றமே கொலைகாரன் என்றால் லீஜியனும் போயிருக்க வேண்டும். லீஜியன் ஒட்டி வர்ணம் பூசுகிற ஆட்டம், அவர்களுக்குக் கைவந்தது. எக்ஸ்-விங்கும், ஆர்மடாவின் பெரிய கப்பல்களும் தொழிற்சாலையிலேயே வர்ணம் பூசி வர வேண்டியவை. ஒவ்வொரு கப்பலுக்கும் வர்ண வேலை, கொப்புளப் பெட்டி, அதன் இடம், அதன் சரக்குக் கூலி. பிளாஸ்டிக் சட்டமாக அடுக்கினால் சின்னப் பெட்டியில் பத்துப் பொம்மை போகும். விதியில் நடந்த தவறுகளை மன்னித்தாலும், இந்தக் கணக்கு எக்ஸ்-விங்குக்கு எதிராகவே இருந்தது என்பது என் ஊகம்.

மேலே முதலாளிகள் மாறியது பற்றியும் கேட்பார்கள். ஆஸ்மோடேயை 2022-இல் ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம் 275 கோடி யூரோவுக்கு வாங்கியது, பிறகு கடன் நெருக்கி 2025-இல் தனியே பிரித்துவிட்டது. கடன் சுமக்கிற முதலாளி மெதுவாக விற்கிற சரக்கை வைத்துக்கொள்ள மாட்டான். இதற்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டாம், நம் மேசைக்கு அது வெகுதூரம்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம்.

முதலில் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். பைலட் கார்டின் கீழ்ப்பக்கம் ஓரத்தில் பாயிண்ட் அச்சாகியிருந்தால் முதல் பதிப்பு. பாயிண்ட் எதுவும் இல்லை என்றால் இரண்டாம் பதிப்பு. இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், மாமாவிடம் மாற்றுப் பெட்டி வாங்கினாரா என்று கேளுங்கள். கப்பல், பகடை, தூரம் அளக்கும் கோல், கப்பலை நகர்த்த உதவும் வளைவு அட்டைகள் எந்தப் பதிப்பிலும் உதவும், எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

எந்த விதியில் ஆடுவது? முதல் பதிப்பின் கார்டுகள் மட்டும் இருந்தால், வீட்டில் தம்பி தங்கையோடு அதையே ஆடுங்கள். ஓர் எக்ஸ்-விங்குக்கு எதிராக இரண்டு டை ஃபைட்டர், தொடக்கப் பெட்டியில் வந்ததே அதுதான், இன்றைக்கும் அது பிரமாதமான அரைமணி நேரம். ஜம்ப்மாஸ்டர் இருந்தால் அதை மட்டும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுங்கள். இரண்டாம் பதிப்பு இருந்தால், அதன் 200 பாயிண்ட் வடிவத்தை லெகசி என்ற பெயரில் ரசிகர்களே தொடர்ந்து நடத்துகிறார்கள், பாயிண்ட் பட்டியலைத் திருத்தி இலவசமாக வெளியிடுகிறார்கள். 2.5 வழியை எக்ஸ்-விங் அலையன்ஸ் என்ற ரசிகர் குழு எடுத்துக்கொண்டது. அணி அமைக்க கார்டைப் புரட்டிக் கூட்டல் போட வேண்டியதில்லை, ரசிகர்கள் செய்த இலவச அணிக்கட்டும் கருவிகள் இருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் லெகசியைத் தேர்ந்தெடுப்பேன், ஆனால் பினாங்கில் எதிரே உட்காரக் கிடைக்கிற ஒருவர் 2.5 ஆடுகிறார் என்றால் யோசிக்காமல் 2.5 ஆடுவேன். ஆள்தான் முக்கியம்.

ரசிகர்களை நம்பலாமா என்று சந்தேகம் வரும். டிசைஃபர் கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் சீட்டாட்டம் 2001 முடிவில் உரிமம் போய் நின்றது, ஆட்டக்காரர் குழு ஒன்று அதை இன்னும் நடத்துகிறது. ஃபேன்டஸி ஃப்ளைட்டின் நெட்ரன்னர் 2018-இல் நின்றது, ரசிகர்கள் புதிய சீட்டுகளே வடிவமைத்து அச்சிடுகிறார்கள். எக்ஸ்-விங்குக்கு அதைவிட வசதி, தேவையான பிளாஸ்டிக் எல்லாம் ஏற்கெனவே உலகெங்கும் அலமாரிகளில் இருக்கிறது.

மேலும் வாங்கலாமா என்றால், பழைய பொருள் விற்கும் காரோசெல் தளத்தில் உள்ளூர் விற்பனையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, தபால் கூலி வேறு. தனிக் கப்பலாக வாங்காமல் ஒருவர் மொத்தமாக விட்டுப் போகிற தொகுப்பாக வாங்குங்கள். வாங்கும்போது டயலும் அடித்தட்டு அட்டையும் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள், படத்தில் கப்பல் மட்டும் பளபளவென்று இருக்கும். டயல் இல்லாத கப்பல் வெறும் பொம்மைதான், ரசிகர்கள் வரைந்த டயலை அச்சடித்துக்கொள்ளலாம் என்றாலும் அது தனி வேலை. பெரிய இம்பீரியல் ரெய்டர் மாதிரிக் கப்பல்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம், 3 அடி மேசையில் அதற்கு இடமில்லை.

கப்பலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குச்சிகள் சுலபமாக முறியும். பழைய பெட்டியில் பாதி முறிந்திருக்கும், கப்பலுக்குள் முறிந்த துண்டு சிக்கியிருக்கும். ஊசியைச் சூடாக்கிக் குத்தி எடுக்கலாம் என்று சொல்வார்கள், கப்பலின் வயிறு உருகிவிடும், செய்யாதீர்கள். மெல்லிய துளைக்கருவியைக் கையால் சுழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் காந்தம் ஒட்டிவிட்டால் பிறகு தொல்லையே இல்லை. கார்டுகளை உறையில் போட்டு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு வையுங்கள். பினாங்குக் காற்றில் அட்டை வளைய ஒரு மழைக்காலம் போதும். விண்வெளி விரிப்புக்குக் கடையில் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டாம். பேனர் அடிக்கிற கடையில் நட்சத்திரப் படம் ஒன்றைக் கொடுத்து, 3 அடிக்கு 3 அடி என்று சொல்லுங்கள், அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மினுமினுக்கிற தாள் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கப்பல் வழுக்கும்.